அழுக்கு இரும்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து, குஜராத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வினையூக்கி ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். கலப்பது, சுடுவது, உலையில் வைத்துப் பார்ப்பது, எண்ணைக் குறிப்பது, அடுத்ததற்குப் போவது. ஒன்று ஏன் வேலை செய்கிறது என்று கேட்க இங்கே யாருக்கும் நேரமில்லை. கல்லூரிகளில் இருக்கும் நண்பர்கள் 'நீ விஞ்ஞானி இல்லடா, சமையல்காரன்' என்கிறார்கள். என் பெயர் எதிலும் வரப்போவதில்லை. சம்பளமும் சுமார்தான். விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சம்பளத்தைப் பற்றி ஒரு தமிழ் எழுத்தாளனிடம் கேட்பதே விபரீதம். எழுத வருவதைப் பிறகு பார்க்கலாம். என்னைச் சீண்டியது அந்தச் 'சமையல்காரன்'தான். கொஞ்ச நாளாக ஆல்வின் மிட்டாஷ் நினைவாகவே இருக்கிறேன். அவரை உங்களுக்குத் தெரியாது என்றால் உங்களுக்குப் பட்டம் கொடுத்தவர்களைத்தான் திட்டவேண்டும்.

1909ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, உரத்துக்கு மூலப்பொருளான அமோனியாவை எடுத்துக் காட்டினார். வினையை விரைவாக்கும் வினையூக்கியாக அவர் வைத்தது ஓஸ்மியம் என்ற அரிய உலோகம். உலகத்தில் இருந்த ஓஸ்மியம் மொத்தத்தையும் வாங்கினாலும் பெரிய ஆலைகளுக்குக் காணாது. மாற்று தேடும் வேலை பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதியியல் நிறுவனத்தில் மிட்டாஷிடம் வந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து வேதியியலுக்கு வந்தவர். இரண்டு கிராம் மாதிரியை வைத்துச் சோதிக்கச் சிறிய உலைகளைச் செய்துகொண்டார்கள். 1912க்குள் சுமார் 2500 கலவைகள், 6500 சோதனைகள். உங்கள் நண்பர்கள் சிரிக்கக்கூடிய வேலைதான்.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. ஸ்வீடனின் காலிவாரே சுரங்கத்து மேக்னடைட் என்ற இரும்புத்தாது ஒன்று எதிர்பாராமல் அமோனியாவை அள்ளிக் கொடுத்தது. சுத்தமான இரும்போ சோர்ந்து போனது. வேறு இரும்புத்தாதுகளும் ஏமாற்றின. வேறொருவராக இருந்தால் அந்தக் கல்லை வண்டி வண்டியாக வரவழைத்திருப்பார். மிட்டாஷ், அந்தக் கல்லில் இருக்கும் அழுக்கு என்ன என்று கேட்டார். சுத்த இரும்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். அலுமினாவும் (அலுமினிய ஆக்சைடு) பொட்டாஷும் (பொட்டாசியச் சேர்மம்) இரும்பைத் தூக்கி நிறுத்தின. கந்தகமும் குளோரினும் துளி பட்டாலே கொன்றன. நல்ல வினையூக்கி தனிப்பொருள் அல்ல, சேர்மானம் என்ற அறிவு அங்கிருந்துதான் வருகிறது. இது சமையலா? அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் 6500 சோதனையும் வெறும் கணக்குப்புத்தகம். கேட்க யாருக்கும் நேரமில்லை என்கிறீர்கள். நீங்கள் கேட்பதை யார் தடுத்தார்கள்? ராத்திரி செல்போனைத் தேய்க்க நேரமிருக்கிறதல்லவா?

என் மாமா ஒருவர் உர ஆலையில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தார். அமோனியா உருவாகும் உலையான கன்வெர்ட்டரில் புது கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, நிரப்பினால் 'ரிடக்‌ஷன் நடக்குது' என்பார், நாள் கணக்கில் வீட்டுப்பக்கம் வரமாட்டார். ஆக்சைடாக இருக்கும் இரும்பிலிருந்து ஹைட்ரஜனைக் கொண்டு ஆக்சிஜனைப் பிரிப்பதுதான் அது. அப்போது தண்ணீராக வெளியேறுவதை அளந்துகொண்டே, மெல்ல மெல்லச் சூடேற்றவேண்டும். அவசரப்பட்டால் அத்தனையும் பாழ். தீபாவளிக்குக்கூட வரவில்லை என்று அத்தை அந்தக் கேட்டலிஸ்ட்டைச் சக்களத்தியைத் திட்டுவதுபோலத் திட்டுவாள். எனக்கு அந்த வார்த்தை அவள் வாயிலிருந்துதான் அறிமுகம். பள்ளிக்கூடத்தில் 'தான் மாற்றமடையாமல் வினையின் வேகத்தை மாற்றும் பொருள்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியபோது, மாமா பாடுபட்டது இதற்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை.

1913ல் ஜெர்மனியின் ஒப்பாவில் பிஏஎஸ்எஃப் அமோனியா ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. இரும்பின் மேல் நைட்ரஜன் எப்படி உடைகிறது, பொட்டாஷ் அங்கே என்ன செய்கிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்டல் விளக்கியது 1970களில்தான். அவருக்கு 2007ல் நோபல். ஹேபருக்கு 1918, அவர் முறையை ஆலை அளவுக்குக் கொண்டுபோன பிஏஎஸ்எஃப்பின் கார்ல் போஷுக்கு 1931. மிட்டாஷுக்கு இல்லை. (புனிதராக்கவும் வேண்டாம். அதே அமோனியாதான் முதல் உலகப்போரில் வெடிமருந்துமானது.) இன்றும் பெரும்பாலான அமோனியா ஆலைகளில் இருப்பது அவருடைய அழுக்கு இரும்பின் வாரிசுதான்.

எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். மிட்டாஷும் எழுதினார், தத்துவம். பெரும்பாலும் 1932ல் ஓய்வுபெற்ற பிறகு. நீங்கள் அத்தனை காலம் காத்திருக்கவேண்டாம். நிறுவன ரகசியம் எதையும் வெளியே விடாமல், தோற்றுப்போன ஒரு மாதிரியைப் பற்றி எனக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்புங்கள். ஏன் தோற்றது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் சேர்த்து. நண்பர்கள் சொன்னது அதில் ஒரு வரிகூட வரக்கூடாது.