வீட்டிலேயே வேப் பெட்டி கட்டுவது: கேள்வியும் பதிலும்

கையில் இருக்கும் நாலைந்து கருவிகளை வைத்து, அதிகம் செலவில்லாமல் ஒரு வேப் கருவியை, அதாவது மின் சிகரெட்டை, சொந்தமாகக் கட்ட முடியுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். செல், ஓம், சுவிட்ச் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும், அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். மற்றவை அவசரமில்லை.

அண்ணா, முதலில் இதைச் சொல்லுங்கள். சட்டப்படி இது சரியா?

நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 2019-இல் வந்த சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அந்த மாதிரி இடங்களில் இருப்பவர்கள் மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள், கட்ட வேண்டாம். அனுமதி உள்ள இடத்திலும், ஏற்கெனவே புகைத்து அதை விடப் பார்க்கிற பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகைக்காதவர் தொடங்கவே கூடாது, நிக்கோடின் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது.

என்னிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு சின்ன டிரில் இருக்கிறது. போதுமா?

கூடவே ஒரு மல்டிமீட்டர் வேண்டும். அது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். விலை குறைந்த மீட்டரே போதும், ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், சுழியம் காட்டாது, 0.2 அல்லது 0.3 என்று நிற்கும். அது மீட்டரின் ஒயருக்கே உள்ள தடை. காயிலை, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச் சுருளை, அளந்து வருவதிலிருந்து அதைக் கழித்தால்தான் உண்மையான கணக்கு. 0.8 என்று மீட்டர் காட்டினால் உங்கள் காயில் 0.5 ஆக இருக்கலாம், மின்னோட்டக் கணக்கு அங்கேயே தலைகீழாகிவிடும். முடிந்தால் காயிலின் ஓம் அளப்பதற்கென்றே வருகிற சின்ன மீட்டரை வாங்கிவிடுங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் 18650 செல்கள் கிடைக்கின்றன. காசு மிச்சம்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, பதில் வேண்டாம் என்பதுதான். 18650 என்பது அளவு மட்டும், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதே அளவில் மெதுவாக மின்சாரம் தருகிற செல்லும் உண்டு, வேகமாகத் தருகிற செல்லும் உண்டு. லேப்டாப் செல் முதல் ரகம். நாம் பட்டனை அழுத்தும்போது இழுக்கிற மின்னோட்டத்துக்கு அது செய்யப்படவில்லை, போதாததற்குப் பல வருடம் உழைத்துத் தேய்ந்ததும்கூட. செல்லில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்டியில் பிடியுங்கள், பட்டனில் பிடியுங்கள், பெயின்ட் அடிக்காமலே விட்டுவிடுங்கள், பரவாயில்லை.

புதிதாக வாங்கும்போதும் உறையில் அச்சடித்த எண்ணை நம்ப முடியாது. 18650-இல் 9,900 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்தால் அது பொய், நேர்மையான செல் 3,500-ஐ ஒட்டியே நின்றுவிடும். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரலாம் என்று தயாரிப்பாளர் தன் விவரத்தாளில் சொல்கிறாரோ அதுதான் நமக்கு வேண்டிய எண். சாம்சங் 25ஆர் 2,500 எம்ஏஎச், 20 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3,000 எம்ஏஎச், 20 ஆம்பியர். இந்த மாதிரி செல்லை நம்பகமான இடத்தில் வாங்குங்கள், ஏனென்றால் போலியும் இதே பெயர்களில்தான் வருகிறது.

செல்லின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை லேசாகக் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டினால் போதாதா?

போதாது. செல்லின் உடம்பு முழுவதுமே நெகடிவ், அடிப்பக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மேலே பாசிடிவ் பொட்டுக்கும் உடம்பின் விளிம்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய வளையமும் அந்த உறையும்தான். அந்த விளிம்பில் உறை கிழிந்து, ஒரு உலோகத் துண்டு பொட்டையும் விளிம்பையும் சேர்த்துத் தொட்டால் நேரடி ஷார்ட். புது உறையும் வளையமும் கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். உடம்பே நசுங்கியிருந்தால் அந்தச் செல்லை எடுத்து வைத்துவிட்டு மின்கழிவு சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள். அப்புறம் இன்னொன்று, சாவியும் சில்லறையும் இருக்கிற பையில் செல்லைத் தனியாகப் போடவே கூடாது.

ஓம் கணக்கு எனக்கு வரவே வராது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர், அவ்வளவுதான். முழுதாக ஏறிய செல் 4.2 வோல்ட், எப்போதும் அதை வைத்தே கணக்குப் போடுங்கள். 1 ஓம் காயில் என்றால் 4.2 ஆம்பியர், சுமார் 18 வாட். 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், 35 வாட். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், நல்ல செல்லின் எல்லையையே தாண்டிவிட்டது. முதல் பெட்டிக்கு 0.6 ஓமுக்குக் கீழே இறங்காதீர்கள். அதில் 7 ஆம்பியர்தான் ஓடும், 20 ஆம்பியர் செல்லுக்கு அது பாதிகூட இல்லை. அந்த இடைவெளி நமக்கு வேண்டும், செல் தேயத் தேய அதன் திறன் குறைந்துகொண்டே வரும்.

சாதாரண புஷ் பட்டனை நேராகச் செல்லுக்கும் காயிலுக்கும் நடுவில் வைத்தால் என்ன?

7 ஆம்பியர் அந்தச் சின்னப் பட்டன் வழியாகப் போனால் உள்ளே இருக்கும் தகடு சூடாகி உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு விரலை எடுத்தாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நடுவில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சை வைக்கிறோம். பெரிய மின்னோட்டம் மாஸ்ஃபெட் வழியாகப் போகும், பட்டன் அதற்குத் திற, மூடு என்று சொல்வதோடு சரி.

மாஸ்ஃபெட்டிலும் எது கிடைக்கிறதோ அதைப் போடக் கூடாது. பல ரகங்கள் முழுதாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும், நம்மிடம் இருப்பது 4.2, அதுவும் இறங்கிக்கொண்டே போகும். பாதி திறந்த மாஸ்ஃபெட் சுடும். குறைந்த வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கிற, லாஜிக் லெவல் என்று சொல்கிற ரகம் வேண்டும், வேப் பெட்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஐஆர்எல்பி 3034 போடுகிறார்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் கேட், நடுக்கால் டிரெயின், வலது கால் சோர்ஸ். சோர்ஸ் செல்லின் நெகடிவுக்கு. டிரெயின் 510 கனெக்டரின், அதாவது காயில் இருக்கும் மேல் பாகத்தைத் திருகுகிற இணைப்பின், வெளி வளையத்துக்கு. செல்லின் பாசிடிவ் ஃபியூஸ் வழியாக 510-இன் நடு முள்ளுக்கு. ஃபியூஸைத் தாண்டிய இடத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயர் பட்டனுக்குப் போய், பட்டனிலிருந்து கேட்டுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் ஒரு 15 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதை மறந்தால் பட்டனை விட்ட பிறகும் கேட்டில் மின்னூட்டம் தங்கி, மாஸ்ஃபெட் மூடாமல் நிற்கும்.

ஃபியூஸ் கார்களில் போடுகிற தட்டையான ரகம் போதும். 0.6 ஓம் காயிலுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் சரி, செல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள்.

நான் செல்லைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன், பட்டனைத் தொடாமலே காயில் சிவந்தது. மாஸ்ஃபெட் போய்விட்டதா?

போயிருக்க வேண்டியதில்லை. இந்த மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுகிற ஒரு டையோடு இருக்கிறது. செல் தலைகீழானால் மின்சாரம் அந்த டையோடு வழியாக நேராக ஓடும், பட்டனுக்கு வேலையே இல்லை. செல்லை எடுத்துவிட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் சுழியத்தை ஒட்டிக் காட்டினால் அது ஷார்ட் ஆகிவிட்டது, மாற்றுங்கள். செல் வைக்கிற இடத்தில் கூட்டல், கழித்தல் குறிகளை அழியாத மையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் வேண்டாம், சிப் போர்டு வாங்கிப் போட்டால் எளிதா சார்?

எளிது, பாதுகாப்பும் அதிகம். ஷார்ட் ஆனால் நிறுத்தும், செல் வோல்ட் ரொம்ப இறங்கினால் நிறுத்தும், காயிலின் ஓமை அதுவே அளக்கும். கையில் காசு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். மாஸ்ஃபெட் பெட்டியில் அந்தக் காவல் எதுவும் கிடையாது, 3.4 வோல்ட் வந்ததும் நீங்களே செல்லை எடுத்துச் சார்ஜரில் போட வேண்டும். சார்ஜர் தனியாகவே இருக்கட்டும், பெட்டிக்குள் சார்ஜிங் போர்டைத் திணிக்காதீர்கள்.

மிட்டாய் வந்த தகர டப்பாவில் கட்டலாமா? பார்க்க அழகாக இருக்கும்.

அழகுதான், ஆனால் முதல் பெட்டிக்கு நான் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன். 510 கனெக்டரைத் தகரத்தில் முடுக்கினால் டப்பா முழுவதும் டிரெயினோடு சேர்ந்துவிடும். அப்போது செல்லின் நெகடிவ் எங்காவது டப்பாவில் உரசினால், மாஸ்ஃபெட்டைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்க் காயில் தானாக எரியும். கிழிந்த உறையைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம்.

எந்தப் பெட்டியானாலும் செல் இருக்கிற பக்கத்தில் காற்றுத் துளைகள் போடுங்கள். செல் கெட்டுச் சூடேறினால் உள்ளிருந்து வாயு பீறிடும், அதற்கு வழியில்லாத பெட்டி வெடிக்கும். 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சஸிலும் வேப் கருவி வெடித்து இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். இந்தத் துளைகள் போட ஐந்து நிமிடம் ஆகாது.

செல்லின் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கிக் கெடுக்கும். ஹோல்டர் வாங்குங்கள். ஒயர் தடிமனான சிலிக்கான் உறை போட்டதாக இருக்கட்டும்.

காயிலுக்கு எத்தனை சுற்று?

26 கேஜ் காந்தல் (சூடேற்றுவதற்கென்றே வருகிற கம்பியின் பெயர்) கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 11 ஓம். 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மேல் 5 சுற்று சுற்றி, இரண்டு கால்களுக்கும் கொஞ்சம் விட்டால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் கம்பி பிடிக்கும், 0.7 ஓமை ஒட்டி வரும். நம் பெட்டிக்கு அதுதான் வேண்டும். திரவத்தை உறிஞ்சுகிற பஞ்சைக் காயிலுக்குள் வைப்பதற்கு முன் லேசாக விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி முதலில் பளிச்சென்று எரிந்தால் அங்கே திருகு தளர்ந்திருக்கும், அல்லது சுற்று இடம் மாறித் தொட்டுக்கொண்டிருக்கும். பீங்கான் முனை இடுக்கியால் சுற்றுகளைச் சேர்த்து அழுத்திச் சரிசெய்யுங்கள்.

தோட்டத்துக் கம்பி இருக்கிறது, அதைச் சுற்றலாமா? கால்களைச் சால்டர் செய்துவிடலாமா?

இரண்டும் வேண்டாம். அந்தக் கம்பியில் துத்தநாகப் பூச்சு இருக்கும், சூட்டில் அதன் புகை நுரையீரலுக்குள் போகும். சால்டரில் ஈயம் இருக்கலாம். மூச்சு போகிற பாதையில் சால்டர், பெயின்ட், பசை எதுவும் வரக் கூடாது. கால்களைத் திருகால்தான் பிடிக்க வேண்டும்.

திரவத்தையும் வீட்டிலேயே கலக்கலாமா?

அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இப்போதைக்கு ஒன்று மட்டும்: எண்ணெய் எதுவும் கூடாது, சமையல் எண்ணெயோ வாசனை எண்ணெயோ எதுவானாலும். 2019-இலும் 2020-இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள். அடர்த்தியான நிக்கோடின் தோல் வழியாகவும் ஏறும், குழந்தைகள் கைக்கு எட்டினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். செல்லைப் போட்டுவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. செல் இல்லாமல், காயில் இல்லாமல், ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். ஓம் எதுவும் காட்டக் கூடாது. பட்டனை அழுத்துங்கள், 15 கிலோ ஓம் காட்டினால் ரெசிஸ்டர் சரியான இடத்தில் இருக்கிறது. இப்போது காயிலை முடுக்கி, பட்டனைத் தொடாமல் 510-இல் ஓமை அளந்து எழுதிவையுங்கள். அதற்குப் பிறகுதான் செல். போட்டதும் காயிலைக் கவனியுங்கள், தானாகச் சூடேறினால் உடனே எடுத்துவிடுங்கள். அமைதியாக இருந்தால் ஒரு நொடி அழுத்தி விடுங்கள், பிறகு மாஸ்ஃபெட்டையும் ஒயர் சேரும் இடங்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எங்கே சுடுகிறதோ அந்தச் சால்டர் இணைப்பு சரியில்லை. அதைத் திரும்பச் செய்து, இதே சோதனையை முதலிலிருந்து பாருங்கள்.