கல்லூரிக் கேள்விகள்: இன்டர்னல், அட்டெண்டன்ஸ், அரியர்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது மெக்கானிக்கல் முதலாண்டு. வகுப்பில் பாதி புரிவதில்லை. ராத்திரி கண் விழித்து கைடை மனப்பாடம் செய்தும் முதல் இன்டர்னலில் (கல்லூரி நடத்தும் உள்தேர்வில்) 50க்கு 14தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா?
(முதலாண்டு மாணவர், அரியலூர்)

பதில்: அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பொறியியல் பாடநூலில் இருக்கும் ஆங்கிலம் கடினமானதல்ல. ஒரு யூனிட்டுக்கு முப்பது நாற்பது கலைச்சொற்கள் இருக்கும். அவைதான் உங்களைத் தடுக்கின்றன. அவற்றில் பல உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை, வேறு பெயரில். ஸ்ட்ரெஸ் என்பது நீங்கள் படித்த தகைவு. ஸ்ட்ரெயின், திரிபு. மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா, நிலைமத் திருப்புத்திறன். பழைய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் திரும்ப எடுத்து வாருங்கள். கடைசிப் பக்கங்களில் இருக்கும் கலைச்சொல் பட்டியல் எந்த கைடையும்விட உங்களுக்கு உதவும்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், சின்னதாக ஒரு படம் அல்லது சூத்திரம். மறுநாள் என்ன நடத்தப் போகிறார்கள் என்று சிலபஸில் பார்த்து, முந்தின இரவு பதினைந்து நிமிடம் அந்தப் பகுதியின் சொற்களை மட்டும் எழுதிவையுங்கள். பாடம் முழுவதையும் படிக்க வேண்டாம். வகுப்பில் போர்டில் இருப்பதை எல்லாம் நகலெடுக்காமல், எந்த வரியில் பிடி விட்டுப்போனதோ அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள். அன்று மாலையே அந்தப் பாடத்தை அறைத் தோழனுக்குத் தமிழில் சொல்லிக்காட்டி, பிறகு ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. புரியாததை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் அதற்குப் பெயர்தான் மனப்பாடம். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டாலே அது காலை வாரிவிடும்.

கணக்குப் பாடத்தைப் படித்துப் புண்ணியமில்லை, போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஐந்து கணக்கு, விடையை மூடிவைத்துக்கொண்டு. முதல் செமஸ்டர் மேட்ரிக்ஸில் (அணிகள்) பலர் கவிழ்வது முறை தெரியாமல் அல்ல, ஆரம்பத்தில் ஒரு குறியைத் தவறவிட்டு அதையே கடைசிவரை இழுத்துப்போவதால். ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடித்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். அவற்றின் கூடுதல், அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும். பெருக்கல், அணிக்கோவையின் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். அரை நிமிட வேலை. ஒத்துவராவிட்டால் ஐகன் வெக்டாருக்குப் போகவே போகாதீர்கள்.

அடுத்து மதிப்பெண். நீங்கள் எந்த ரெகுலேஷனில், அதாவது எந்த ஆண்டின் பாடத்திட்ட விதிகளில், இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சீனியர் சொல்லும் கணக்கு அவருடைய ரெகுலேஷனுக்கானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, பல்கலைத் தேர்வு 60. தேர்வை 100க்கு எழுதுவீர்கள், அதை 60ஆகச் சுருக்குவார்கள். தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னலில் 40க்கு 20 இருந்தால் தேர்வில் 50 எடுத்தால் போதும். 12தான் என்றால் 64 எடுத்தாக வேண்டும். இன்டர்னல் 30 இருக்கிறதே என்று தேர்வில் 40 மார்க்கோடு நிறுத்தினால் அரியர்தான், பாடம் நிலுவையில் நிற்கும்; 45 என்ற வரம்பு அங்கே காத்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் இன்டர்னல் தேர்வும் அசைன்மென்டும் பாக்கி இருக்கின்றன. ஒரு 14ஐ வைத்துக் கலங்க வேண்டியதில்லை.

அதே ரெகுலேஷனின் வினாத்தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: இரண்டு மார்க்குகளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 24 நிமிடம், 15 மார்க்குக்கு 25. மீதி பத்து நிமிடம் கேள்வி எண்களைச் சரிபார்க்க. தெரிந்த முதல் கேள்விக்கு முக்கால் மணி நேரம் செலவழித்து எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, கடைசிக் கேள்வியைத் தொடாமல் வருபவர்கள் ஒவ்வொரு தேர்வறையிலும் உண்டு. எட்டுப் பக்கம் எழுதினாலும் 13க்கு மேல் தர மாட்டார்கள்.

கேள்வி: மஞ்சள் காமாலையால் 20 நாள் போகவில்லை. 60 வேலைநாளில் 40 நாள்தான் வந்திருக்கிறேன். செமஸ்டருக்கு 90 நாள். தேர்வு எழுத விடுவார்களா?
(மூன்றாம் செமஸ்டர், பொறியியல், ராஜபாளையம்)

பதில்: இன்றைய நிலை 66.7 சதவீதம். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். அதை எட்ட எத்தனை நாள் விடாமல் வர வேண்டும் என்பதற்கு ஒரு சுருக்கு வழி: நடந்த நாளை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து வந்த நாளின் நான்கு மடங்கைக் கழியுங்கள். 180இல் 160 போனால் 20. இருபது நாள் தொடர்ந்து வந்தால் 80க்கு 60, சரியாக 75. செமஸ்டர் முடிவில் 90க்கு 68 வேண்டும், ஆகவே மீதமுள்ள 30 நாளில் உங்களுக்கு இரண்டே நாள்தான் விடுப்பு. தீபாவளிக்கு முந்தின நாளே பஸ் ஏறும் பழக்கத்தை இந்த வருஷம் விடுங்கள். பாடவேளை வாரியாகக் கணக்கிடும் கல்லூரியிலும் இதே சூத்திரம்தான். நாளுக்குப் பதில் பாடவேளையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2021 ரெகுலேஷனில், 65க்கு மேல் இருந்து 75க்குக் குறைந்தால், நோய் அல்லது விளையாட்டுப் போட்டி காரணமாக இருந்தால் சான்றிதழின் பேரில் விலக்கு கேட்கலாம். 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழை செமஸ்டர் முடிவில் தேடி அலையாமல் இப்போதே கொடுங்கள். சிகிச்சை பெற்ற தேதிகள், மருத்துவரின் பதிவு எண், ரத்தப் பரிசோதனை அறிக்கை மூன்றும் இருக்கட்டும். நகலில் துறை அலுவலகத்தின் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது பி.எஸ்சி. முதலாண்டு. கூடப் படிப்பவர்களுக்குப் புதுமைப் பெண் பணம் ஏறுகிறது, இவளுக்கு வரவில்லை. யாரிடம் கேட்பது?
(ஒரு தாய், செஞ்சி)

பதில்: அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது, அதனால் கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதிவே ஆகவில்லையா, பதிவாகியும் பணம் திரும்பிவிட்டதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

பதிவாகியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் வங்கியில். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பள்ளிக் காலத்தில் ஒரு வங்கி, கல்லூரிக்காக வேறொரு வங்கி என்று இரண்டு கணக்கு இருந்தால் பணம் பழையதில் சேர்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். நீண்ட நாள் வரவு செலவு இல்லாமல் கணக்கு முடங்கியிருந்தால் மகளே நேரில் போய் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்துத் திறக்க வேண்டும். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரோ இனிஷியலோ வேறுபட்டாலும் தடங்கல் வரும். மகனுக்கும் இதே நிலை என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இவைதான் பார்க்க வேண்டியவை.

கேள்வி: என்பிடெல் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா?
(இரண்டாமாண்டு மாணவி, கோவை)

பதில்: என்பிடெல் என்பது ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடங்கள். அதன் சான்றிதழைப் பார்த்து வேலை தர மாட்டார்கள். ஆனால் அதற்காகப் பன்னிரண்டு வாரம் போட்ட கணக்குகள் நேர்காணலில் பேசும். படிப்பதற்குக் கட்டணமில்லை, தேர்வுக்குத்தான் உண்டு. மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டின் சராசரியை எடுக்கிறார்கள். அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டையும் தனித்தனியே தொட்டால்தான் சான்றிதழ். டெலிகிராமில் வரும் விடையைப் பார்த்து 25க்கு 25 வாங்குபவர்கள் தேர்வறையில் விழிப்பது இதனால்தான். செமஸ்டருக்கு ஒன்றே ஒன்று எடுங்கள், உங்கள் துறையிலேயே எடுங்கள். மூன்று எடுத்தால் மூன்றும் அரைகுறை.

கேள்வி: விடுதியில் சீனியர்கள் இரவு அறைக்கு அழைத்து "அறிமுகம்" செய்யச் சொல்கிறார்கள். புகார் செய்தால் பெயர் கெடுமோ?
(பெயர் வேண்டாம்)

பதில்: அதற்குப் பெயர் ராகிங். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தேதி, நேரம், அறை எண், இருந்தவர்கள் என்று எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். வார்டன் அலட்டிக்கொள்ளாவிட்டால் 1800-180-5522 என்ற தேசிய இலவச எண் இரவிலும் எடுக்கும்.

கேள்வி: நான்கு செமஸ்டர் முடிந்து சிஜிபிஏ (10க்கு மொத்தச் சராசரி) 6.8. கணக்கில் ஒரு அரியர். கேம்பஸுக்கு (கல்லூரிக்கே நிறுவனங்கள் வந்து ஆள் எடுப்பதற்கு) 7.5 இருந்தால் நல்லது என்கிறார்கள். முடியுமா?
(ஐந்தாம் செமஸ்டர், ஈசிஇ, நாகர்கோவில்)

பதில்: எல்லா செமஸ்டரிலும் கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் எடை) ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொண்டால், ஆறாம் செமஸ்டர் முடிவில் 7.5 வர அடுத்த இரண்டிலும் 8.9 எடுக்க வேண்டும். 7.0 போதும் என்றால் 7.4. முதலாவது மலையேற்றம், இரண்டாவது நடக்கிற காரியம். 7.0ஐக் குறிவையுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் அந்த அரியர். நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கேட்கும்: இப்போது நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது ஒன்று, எப்போதுமே அரியர் வைத்திருக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவது வகைக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. முதல் வகைக்கு, கேம்பஸ் தொடங்குமுன் முடிவு வெளியாகும் தேர்விலேயே முடித்திருக்க வேண்டும். ஏழாம் செமஸ்டர் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அதற்குள் நிறுவனங்கள் வந்து போயிருக்கும்.

பழைய விடைத்தாளின் நகலை வாங்கியிருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்த யூனிட்டில் மார்க் போனதோ அங்கிருந்து தொடங்குங்கள், முதல் யூனிட்டிலிருந்து அல்ல. தினமும் ஒரு மணி நேரம், காலையில், செல்போனை அறைக்கு வெளியே வைத்துவிட்டு.