எங்கள் பழைய ஏஎஸ்/400 (ஐபிஎம்மின் வணிகக் கணனி) 88 வீதம் நிரம்பிவிட்டது. அதில் நாங்களே புது டிஸ்க் சேர்க்கலாமா?

பூட்டுவது சுலபம் தம்பி, ஐந்து நிமிட வேலை. மெஷின் 88 வீதம் நிரம்பியும் "நாங்களே" என்று கேட்கிறீர்கள் என்றால், வெளியாள் கூப்பிட உங்கள் முதலாளி காசு தரமாட்டார் போல. என்னுடையவரும் அப்படித்தான்.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கொம்பனி, ஐசீரிஸ் 270, அதாவது ஏஎஸ்/400-க்குப் பின் வந்த மாடல். 90 வீதம் தாண்டியதும் எச்சரிக்கைச் செய்தி வரத் தொடங்கியது. ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், இரண்டு டிஸ்க்கைச் செருகி, நேரே ஏஎஸ்பியில், அதாவது டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் தொகுதியில், சேர்த்துவிட்டேன். முதலில் ரெய்டு பாதுகாப்புக்குள் (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு போகாத ஏற்பாடு) சேர்த்துவிட்டுத்தான் ஏஎஸ்பிக்குப் போயிருக்க வேண்டும். உறுதிசெய்யும் திரையில் அந்த இரண்டுக்கும் நேரே "பாதுகாப்பில்லை" என்றே காட்டியது. பார்த்தேன். பிறகு செய்வோம் என்று என்டரைத் தட்டினேன்.

ஐந்தாம் மாதம் அதில் ஒன்று செத்தது. பீசி என்றால் டி டிரைவ் மட்டும் போச்சு என்று மனதைத் தேற்றலாம். இந்த மெஷின் ஒவ்வொரு ஃபைலையும் ஏஎஸ்பியில் உள்ள எல்லா டிஸ்க்கிலும் தூவி வைக்கும். பாதுகாப்பில்லாத ஒன்று போனால் முழு ஏஎஸ்பியும் போனது மாதிரித்தான். முந்தின போயாவில் சேவ் மெனுவின் 21ஆம் தெரிவில், முழு மெஷினையும் பேக்கப் எடுத்த டேப்தான் காப்பாற்றியது. மிச்சப் பத்தொன்பது நாள் பில்களைக் கார்பன் பிரதி பார்த்துத் திரும்ப அடித்தோம். தினமும் பேக்கப் இல்லையா என்பீர்கள். எடுத்தோம், தேய்ந்த டேப்புகளில். வாசிக்கவில்லை. டிஎஸ்டி என்ற பராமரிப்பு மெனுவில் போய்ப் பிறகும் ரெய்டுக்குள் சேர்த்திருக்கலாம் என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான், நான் சேர்க்கவில்லை.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மலிவாக டிஸ்க் வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் விடுங்கள். இதற்கு 520 பைட் செக்டர் வேண்டும், கடை டிஸ்க் 512. பூட்டியபின் தரவைப் பழைய, புது டிஸ்க்குகளில் சமமாகப் பரப்பும் வேலையை இரவில் ஓடவிடுங்கள், பகலில் விட்டால் பில் போடுகிற பிள்ளைகள் ஏசுவார்கள். கிளவுட்டுக்குப் போ என்பவர்கள் முதலில் என் முதலாளியுடன் பேசிப் பார்க்கட்டும்.

போயாவில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம், சட்டம். எனக்கு வந்தது ஆறிப்போன ஒரு புரியாணி பார்சல். அதையும் கணக்காளர் "கணனிப் பராமரிப்பு" என்று செலவெழுதினார்.