மந்தத்திலிருந்து மீண்ட ஜப்பான் ஏன் போருக்குப் போனது?

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்திலிருந்து மீண்டுவிட்ட நாடு சண்டைக்குப் போவானேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

1930 ஜனவரியில், உலகமே சரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, ஜப்பான் பழைய மதிப்பிலேயே தங்க நாணய முறைக்கு, அதாவது தன் நாணயமான யென்னின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு, திரும்பியது. அமெரிக்காவில் பட்டு விலை படுத்தது. பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் கடனில் மூழ்கின; நாட்டின் வடகிழக்கில் மகள்களை விற்றவர்களும் உண்டு. சிப்பாய்கள் பலரும் இந்தக் கிராமத்துப் பிள்ளைகள். அவர்கள் வீட்டு வறுமை இளம் அதிகாரிகளையும் கொதிக்க வைத்தது.

1931 செப்டம்பரில், சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானிய ராணுவம் அரசைக் கேட்காமலே அந்தப் பகுதியைப் பிடிக்க இறங்கியது. டிசம்பரில் நிதியமைச்சரான தகஹாஷி கொரேகியோ தங்கத்தோடு இருந்த கட்டை அவிழ்த்தார், யென்னைச் சரியவிட்டார், அரசுக் கடன் பத்திரங்களை மத்திய வங்கியையே வாங்க வைத்தார். ஏற்றுமதி எழுந்தது, பல நாடுகளுக்கு முன்பே ஜப்பான் தலைதூக்கியது. கெட்டிக்கார மனிதர்தான்.

சிக்கல் என்னவென்றால், அப்படிக் கடன் பத்திரங்களால் அரசுக்குக் கிடைத்த பணத்தில் கணிசமான பங்கு ராணுவத்துக்குப் போனது. சரி, இனி செலவைக் குறைப்போம் என்று அவர் பிரேக் போட்டார். 1936 பிப்ரவரி 26 அன்று கலகக்கார அதிகாரிகள் 81 வயதுக் கிழவரான தகஹாஷியை வீடு புகுந்து கொன்றார்கள். அப்புறம் ராணுவ பட்ஜெட்டில் கைவைக்க யாருக்குத் துணிவு வரும்? 1937 ஜூலையில் சீனாவுடன் போர் மூண்டது.