மெஷின் வந்தாச்சு, துணி வரலையே!

கேள்வி: அக்காவைக் கணவர் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. ஆறு மாதம் தையல் படித்தாள், சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவச மெஷினும் கிடைத்தது. இப்போது அதன்மேல் பிள்ளைகளின் புத்தகப்பைதான் இருக்கிறது. இந்தத் திட்டங்களால் உண்மையிலேயே யாராவது பிழைக்கிறார்களா?
- வாசகி, மணப்பாறை

பதில்: பிழைக்கிறார்கள். ஆனால் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு இல்லை. அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்தவர் பட்டு ரவிக்கைத் துணியில் கத்தரி வைக்க அவருக்குத் தைரியம் இருக்கிறதா? பல பேருக்கு நேர்த்தையல் ஓட்ட வரும், வெட்டத்தான் கை நடுங்கும், ஒரு துணியைக் கெடுத்துவிட்டால் தெருவே பேசும் என்ற பயம். அதனால் முதலில் புடவைக்கு பால்ஸ் அடிப்பது, சுடிதார் பிடிப்பது, பாவாடை, நைட்டி என்று ஆரம்பிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக காசு வாங்காமல் தைக்க வேண்டாம், அப்புறம் கேட்கவே முடியாது! வெட்டுப் பழக, மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம்.

இன்னொன்று, மகளிர் தையல் தொழில் கூட்டுறவு சங்கம். சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு வருடத்துக்குத் தரும் 4 செட் சீருடையைத் தைப்பது இந்தச் சங்கத்துப் பெண்கள்தான். வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே தைக்கலாம். வருடம் முழுக்க ஓடுகிற வேலை இல்லை என்பதால் ரவிக்கை தைப்பதையும் விட்டுவிடக் கூடாது. உறுப்பினர் சேர்க்கை பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சங்கம் என்றதும் அகமதாபாத் ஞாபகம் வருகிறது. எலா பட் என்ற பெண்மணி 1972இல் தொடங்கிய சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தில், மில் கழிவுத் துணியை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைத்த ஏழைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் துணி தருவதையே நிறுத்த, தாங்களே கழிவுத் துணி வாங்கித் தைத்து விற்க இறங்கினார்கள். அவர்களிடமும் மெஷினும் கையும் இருந்தன, துணிதான் அடுத்தவர் கையில் இருந்தது. உங்கள் அக்காவைப் போல இன்னும் நாலு பேர் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், சேர்ந்து போனால் ஜவுளிக்கடையில் ஆர்டர் கேட்க வாய் வரும்.

கேள்வி: கைவிடப்பட்ட பெண் என்றாலே தையல் மெஷின்தானா, வேறு எதுவும் தோன்றாதா?
- வாசகர், திருவாரூர்

பதில்: எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. 2025இல் சென்னையில் பெண்களுக்கு மானியத்தோடு இளஞ்சிவப்பு ஆட்டோ கொடுத்தார்கள், அதுமாதிரி இன்னும் வரவேண்டும். ஆனால் பாயில் கிடக்கும் மாமியாரையும் கைக்குழந்தையையும் விட்டு நகர முடியாதவர் ஆட்டோ ஓட்டப் போவது எப்படி?