கறிவேப்பிலையும் எம்.ஏ.வும்

கேள்வி: இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆன்லைனில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் கணவர். எதையும் விட்டுவிடாமல், திட்டமிட்டுப் படிப்புக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: 'ஒதுக்குவது' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சுருக்கென்கிறது. ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையைத்தான் ஒதுக்குவார்கள். இதை இதே பக்கத்தில் முன்பு ஒருமுறை எழுதப்போய், எங்கள் உதவி ஆசிரியர் ஒரு வாரம் என் பக்கத்தில் சாப்பிட உட்காரவில்லை. மனிதர் வேலி கட்டுகிற மாதிரி இலையோரம் ஒவ்வொன்றாக அடுக்குவார், தண்டோடு விழுந்தால் தண்டைத் தனியாக வைப்பார். வாசனையெல்லாம் வேண்டும், அது மட்டும் வேண்டாம். சரி, அந்தச் சண்டை இந்த ஜென்மத்தில் தீராது.

உங்கள் வீட்டுக்காரர் ஷேவ் செய்ய 'நேரம் ஒதுக்கி' நீங்கள் பார்த்ததுண்டா? கண்ணாடி முன்னால் போய் நிற்பார், அவ்வளவுதான். நீங்கள் படிக்க உட்கார்ந்தால் மட்டும் அது எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு இலையோரம் கிடக்கிற நேரமாக இருக்க வேண்டுமா?

அப்புறம் கணக்கையும் பாருங்கள். இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. உங்கள் எம்.ஏ. 80 கிரெடிட் என்றால் 2,400 மணி. இரண்டு வருடத்தில் முடிக்க, தீபாவளி, பிள்ளைக்குக் காய்ச்சல், நாத்தனார் வருகை எதற்கும் லீவு விடாமல் தினம் மூன்றேகால் மணிக்கு மேல் உட்கார வேண்டும். நடக்கிற காரியமா? இதே படிப்பை நான்கு வருடம் வரை இழுக்கலாம் என்று அவர்களே அனுமதிக்கிறார்கள். இழுங்கள். ஒன்றரை மணிச் சொச்சமாகிவிடும். அசைன்மென்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதில் இருக்கிறது.

என் மனைவி 1980களில் அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தவர். பாடப் புத்தகங்கள் கட்டாகத் தபாலில் வரும். அரிசி டிரம் மேல் புத்தகம், பக்கத்தில் குக்கர், மூன்று விசிலுக்கு ஒரு பக்கம். இன்றைக்கும் அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் மஞ்சள் பெருவிரல் ரேகை இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நாட்காட்டியின் பின்பக்கத்தில் நான்கு நிற மையில் அருமையாக ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். போட்டு முடித்ததும் களைப்பாக இருந்தது, காபி கேட்டேன். அவர் பேசாமல் போட்டுக் கொடுத்துவிட்டு, டைம்டேபிளைப் பால் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார். பிறகு பரீட்சைக்கு முந்தைய மாதம் ஒருநாள், 'ஆறிலிருந்து எட்டு வரை நான் வீட்டில் இல்லை' என்று சொல்லிவிட்டு, வீட்டிலேயே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் தோசை சுடக் கற்றுக்கொண்டேன். முதல் நாலு நாள் அது உப்புமாதான்.

உங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அப்படியே, கறிவேப்பிலையை ஒதுக்குகிறவர் உங்கள் வீட்டில் யார் என்பதையும்.