புதிதாக வாங்கிய சிம் எண்ணுக்கு, அதை முன்பு வைத்திருந்தவருடைய குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. எப்படி நிறுத்துவது?

தடை செய்துவிடுங்கள், தொல்லை தீரும் என்றுதான் பலரும் சொல்வார்கள். தயவுசெய்து அதை மட்டும் உடனே செய்யாதீர்கள். உங்களுக்கு அது தொல்லை. அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியவருக்கோ அது நட்டம். அந்த நட்டம் எவ்வளவு பெரியது என்பதை நானும் இப்படி ஓர் எண்ணை வாங்கிய பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

சென்னையில் புதிய ப்ரீபெய்டு இணைப்பு வாங்கிய முதல் வாரத்திலேயே ரேஷன் கடையிலிருந்து செய்தி வந்தது: அரிசி, சர்க்கரை, பாமாயில், இத்தனை கிலோ, இத்தனை ரூபாய். பிறகு ஒரு பள்ளியிலிருந்து, பிள்ளை இன்று வரவில்லை என்று. 15ஆம் தேதி வாக்கில் ஒரு வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் வரவு. மகளிர் உரிமைத் தொகை என்று புரிந்தது. ஒரு பைனான்ஸ் நிறுவனத்தின் தவணை எச்சரிக்கை வேறு. பெயரும் முகவரியும் தவிர, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. என் இடத்தில் வேறு ஒருவர் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது உண்மையாகவே பயமாக இருந்தது.

எண்ணை முன்பு வைத்திருந்த அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடைகளில் வாங்காத பொருளை வாங்கியதாகப் பில் போடுகிறார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் நெடுநாளாக இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மக்களிடம் இருக்கும் எளிய வழி அந்தக் குறுஞ்செய்திதான். அது என்னிடம் வந்தால் அவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? உரிமைத் தொகை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஏடிஎம் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்ற தகவல் எனக்குத் தெரிகிறது, பெற்ற தாய்க்குத் தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், ப்ரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. பழைய வாடிக்கையாளர்தான் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. எண் வளம் அரசுடையது, எண்கள் தீராமல் இருக்க மறுபடி வழங்கித்தான் ஆக வேண்டும். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பொறுப்பு முழுவதையும் பழைய வாடிக்கையாளர் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணை இழப்பவர்கள் யார்? பெரும்பாலும் ரீசார்ஜ் செய்யப் பணம் இல்லாமல் விட்டவர்கள், கைபேசி தொலைந்து புதிது வாங்க மாதங்கள் ஆனவர்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு, பேச மட்டும் கைபேசி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு இரண்டு எண்களை உயிரோடு வைத்திருப்பதே பாரம். மெயின் பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக எண்ணைத் துண்டிக்கக் கூடாது என்று 2013 முதல் டிராய் விதி இருக்கிறது. அதை எந்த ரீசார்ஜ் கடையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

சரி, நீங்கள் செய்யக்கூடியது. செய்தி அனுப்புபவர்களில் அந்த மனிதரின் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருப்பவர் யார் என்று பாருங்கள். வங்கியின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசிப் பயனில்லை. நானும் பேசினேன். கணக்கு உங்களுடையது அல்ல, எனவே நாங்கள் எதையும் மாற்ற முடியாது, கணக்கு வைத்திருப்பவர் கிளைக்கு வர வேண்டும் என்றார்கள். பாதுகாப்புக் கருதி அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் கணக்கு வைத்திருப்பவரிடம் சொல்வதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே வழியும் என் கைபேசிதான்.

எனக்குக் கைகொடுத்தது கேஸ் ஏஜென்சி. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய நான்கு இலக்கக் குறியீடு எனக்கு வந்தது. அதற்கு முன் வந்த பதிவுச் செய்தியில் ஏஜென்சியின் பெயர் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த வீட்டில் குறியீடு வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் தகராறு நடப்பதாகச் சொன்னார். சிலிண்டர் கொண்டுபோகும் அண்ணனுக்கு வீடு தெரியும், அவரிடமே சொல்லி அனுப்புகிறேன் என்றார். அப்படியே செய்தார். உங்கள் விஷயத்தில் அது பள்ளியாக இருக்கலாம், பால் பூத்தாக இருக்கலாம், கேபிள்காரராக இருக்கலாம். ஆளை நேரில் அறிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். செய்தியில் இருக்கும் விவரங்களை வைத்து நீங்களே அவரைத் தேடிப் போக வேண்டாம். சமூக ஊடகத்தில் படம் எடுத்துப் போடவும் வேண்டாம்.

சில நாட்கள் கழித்து ஒரு பெண் அழைத்தார். "அண்ணா, இந்த எண் முன்பு என்னுடையது. இப்போது உங்களுக்கு ஆதார் ஓடிபி ஒன்று வரும், அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். அவர்தான் என்று என் மனம் சொன்னது. ஆனாலும் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லக் கூடாது. இதே வார்த்தைகளை ஒரு மோசடிக்காரரும் சொல்ல முடியும். அப்போது பறிபோவது அந்தப் பெண்ணின் பணமும் ஆதாரும்தான். உங்கள் நல்ல மனம் அதைத் தடுக்காது. மறுப்பதோடு நிறுத்தாமல் வழியைச் சொல்லுங்கள். முதலில் மாற்ற வேண்டியது ஆதார். ஆதார் மையத்துக்கு நேரில் போனால் பழைய எண் கையில் இல்லாவிட்டாலும் கைரேகையை வைத்துப் புதிய எண்ணைப் பதிந்துவிடுவார்கள். சான்று எதுவும் கேட்பதில்லை; கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். ஆதாரில் இப்போது எந்த எண் இருக்கிறது என்று பார்க்க, ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியும். ரேஷன் அட்டைக்கு, சென்னையில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் முகாமிலேயே கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பிற ஊர்களில் வட்ட வழங்கல் அலுவலகம்.

ஆதாரை முதலில் மாற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல அரசுத் தளங்களில் எண்ணை மாற்ற உள்ளே நுழைவதற்கே பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும். வீட்டுச் சாவி உள்ளே கிடக்க, கதவு பூட்டிக்கொண்ட கதைதான். கைரேகையால் திறக்கும் இடம் ஆதார் மையம்.

அவர் எல்லாவற்றையும் மாற்றினாரா தெரியாது. சிலிண்டர் குறியீடு முதலில் நின்றது. பிறகு ரேஷன், பள்ளி, கடைசியாக வங்கி. வங்கிச் செய்தி நிற்க அவர் கிளைக்குப் போக வேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் இருக்கிறது. அதைக் கொண்டு வாடிக்கையாளர் பதிவுகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வாரம் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகமும் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் சொன்னது. வங்கிகளுக்கு இருக்கும் இந்தக் கட்டாயம் ரேஷனுக்கும் பள்ளிக்கும் மின்வாரியத்துக்கும் வர வேண்டும். "இந்தப் பரிவர்த்தனையை நீங்கள் செய்யவில்லையா? இந்த எண்ணை அழையுங்கள்" என்று வங்கிச் செய்தியின் அடியில் ஒரு வரி இருக்கிறதே, அதேபோல் "இந்தக் கைபேசி எண் இப்போது உங்களுடையதா?" என்று கேட்கும் ஒரு வரியை அரசுச் செய்திகள் எல்லாவற்றிலும் வைக்கலாம். இதைக் கேட்டு முதல்வரின் முகவரி துறைக்கு மனு போட்டிருக்கிறேன். நீங்களும் போடுங்கள்.

பைனான்ஸ் நிறுவனத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை தேவையில்லை. கடன் வாங்கியது நீங்கள் அல்ல என்று அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் தரலாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு உள்ள விதி. அந்த நேரத்தில் வரும் அழைப்புகளைக் குறித்துவைத்துப் புகாரில் சேருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் புதிய எண்ணுக்கு யாரையாவது யுபிஐயில் பணம் அனுப்பச் சொல்வதற்கு முன், அவர்கள் திரையில் யார் பெயர் காட்டுகிறது என்று கேளுங்கள். உங்கள் பெயர் வரவில்லை என்றால், பழைய கணக்கின் இணைப்பு இன்னும் நீங்கவில்லை. உங்கள் செயலியில் எண்ணைப் பதிந்து, பெயர் மாறும்வரை பணம் எதுவும் வாங்காதீர்கள்.